எங்களுக்காகப் போட்ட படங்கள்

மின்பெட்டியின் கதவில் ஒரு தேங்காய் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கண், மூக்கு, பல் எல்லாம் இருந்தன. ரசிக்க எனக்கு நேரமில்லை. பம்ப்பு நின்றுவிட்டது. தொட்டி நிறையத் தேங்காய்ப்பால். எந்த வால்வு திறக்கவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். தேங்காய் சிரித்தது.

அந்தத் தேங்காயை வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மூலைக்கு மூலை டேப் ஒட்டி வைத்தவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம்.

மலேசியாவில் ஈப்போ, ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில், தேங்காய்ப்பால் அடைக்கும் ஃபேக்டரி. பாகான் டத்தோவிலிருந்து லோரியில் தேங்காய் வரும். பிழிந்து, சூடாக்கி, ஆறவைத்து, பெட்டியில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புவோம். நான் அங்கே வயர்மேன். மெஷின் நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள். அவள் இன்ஜினியர். மெஷினுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. எப்போது எந்த வால்வைத் திறக்க வேண்டும், எந்தப் பம்ப்பை ஓட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைப்பது அவள் வேலை. அதைத்தான் புரோகிராம் என்கிறார்கள்.

இதை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, எழுதுவது. தொட்டி நிறைந்தால் பம்ப்பை நிறுத்து. சூடு போதாவிட்டால் நீராவியைத் திற. இங்கிலீஷில் இஃப், தென் என்று வரி வரியாக இறங்கும். இன்னொன்று, வரைவது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குப் பெட்டி கோடு.

அவள் வரைகிற கட்சி. நான் எழுத்துக் கட்சி.

கேட்பவர்கள் மாற்றித்தான் நினைப்பார்கள். அவள் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கியவள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். அதனால் எனக்குப் படம்தான் சுலபம் என்று அவளும் முடிவுகட்டிவிட்டாள். வேலைக்கு வந்த வாரமே சொன்னாள்.

"அண்ணே, பழைய புரோகிராம் எல்லாம் எழுத்தா இருக்கு. உங்களுக்கெல்லாம் கஷ்டம்தானே? எல்லாத்தையும் படமா மாத்திடறேன். உங்களுக்காகத்தான்."

"எனக்குக் கஷ்டம் இல்ல, மிஸ்."

"சும்மா சொல்லாதீங்கண்ணே."

"சும்மா சொல்லல."

மாற்றிவிட்டாள். அதையும் நேராகச் செய்யவில்லை. இருக்கிறதைப் படித்து மாற்றினால் சீக்கிரம் முடிகிற வேலை. அவள் மெஷின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். எது திறக்கிறது, எது மூடுகிறது, எது எதற்குக் காத்திருக்கிறது என்று பார்த்தாள். பார்த்துப் பார்த்துப் புதிதாக வரைந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. நான் அவளைச் சுற்றிச் சுற்றித்தான் என் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது.

எனக்கு ஏன் எழுத்து பிடிக்கும் என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு இங்கிலீஷ் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மெஷினோடு வருகிற புத்தகங்களில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு வரியைப் படித்து முடித்தால் அது என் கையில் இருக்கும். அடுத்த வரிக்குப் போகலாம். படம் அப்படி இல்லை. எங்கே தொடங்குவது? மேலேயா, இடது பக்கமா? ஒரு கோடு பக்கத்தின் ஓரத்துக்குப் போய்க் காணாமல் போகும். அடுத்த தாளில் வேறு ஏதோ கோட்டோடு சேர்ந்து வரும். விரலை வைத்துத் தொடர்ந்தால் பாதியில் பிளாஸ்டிக் உறை வெளிச்சத்தில் மின்னிக் கண்ணைக் கூசவைக்கும்.

போனில் சொல்லவும் முடியாது. எழுத்தாக இருந்தபோது மேனேஜர் வெளியே இருந்து கேட்டால் வரியை வாசித்துவிடுவேன். அன்றைக்குத் தேங்காய் சிரித்த நாளில் அவர் போனில் என்ன கோளாறு என்று மலாயில் கேட்டார். அவர் சீனர், பொறுமை குறைவு. சிரிக்கிற தேங்காயிலிருந்து மேலே போகும் பச்சைக் கோடு வேலை செய்யவில்லை என்றேன். அவர், நீ காலையில் சாப்பிட்டாயா இல்லையா என்று கேட்டார்.

லைன் ஓட்டுகிற கணேசு பக்கத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே, இது கம்பெனியா, சின்னப் புள்ளைங்க படிக்கிற தாடிக்காவாண்ணே? நாளைக்குக் கலர் பென்சில் கொண்டாரவா?"

கலர்தான் பிறகு எங்கள் உயிரை எடுத்தது. அவள் படத்தில் எதற்கும் பெயர் எழுத மாட்டாள். நீல வால்வு குளிர்தண்ணீர். ரோசா நிற வால்வு தொட்டி கழுவுகிற மருந்துத் தண்ணீர். அவளுக்கு அது போதும். ஒரு நாள் ஆபீஸ் பிரிண்டரில் நீல மை தீர்ந்துபோயிருந்தது. அவள் கவனிக்காமல் புதுப் படத்தை அச்செடுத்து ஒட்டிவிட்டாள். நீலமாக வர வேண்டியதும் ரோசாவாக வந்திருந்தது. கணேசு படத்தைப் பார்த்தான், ரோசா வால்வைத் திறந்தான். ஒரு தொட்டிப் பாலும் மருந்துத் தண்ணீரோடு கலந்து வீணாய்ப் போனது. அன்றைக்குப் பிழிந்தது முழுக்க.

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. இன்னும் குறையும்.

"மிஸ், பேர் எழுதியிருந்தா இது நடந்திருக்குமா?"

"பேர் எழுதியிருந்தா கணேசு படிச்சிருப்பாரா?"

"நான் படிப்பேன்லா மிஸ்! தினமும் பேப்பர் வாங்குறதே நாந்தான்!"

"விளையாட்டுப் பக்கத்துல படம் பாக்கத்தானே?"

மறுநாள் மின்பெட்டியில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரு பிரிண்டர் அழுதுகொண்டிருந்தது. பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று போய்விட்டேன்.

மெஷின் விஷயத்தில் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். 'பம்ப்பு ரோசாக், சீக்கிரம் வாங்க' என்று போனில் எழுதி அனுப்புவேன். பழுது என்பதற்கு இங்கே எல்லாரும் ரோசாக் என்றுதான் சொல்வோம், அவளுக்குத் தெரியாத சொல் இல்லை. உடனே குரலில் பதில் வரும். "அண்ணே, என்னா ஆச்சு?"

அதைத்தானே எழுதியிருக்கிறேன்?

"உங்க வாயால சொன்னாத்தான் விளங்குதுண்ணே."

மத்தியானம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் மெனு அட்டையைத் தொட மாட்டாள். "நீங்க சொல்லுங்கண்ணே. உங்களுக்கு என்னாவோ எனக்கும் அதான்." ஒரு தடவை எரிச்சலில் பாகற்காய்ப் புளிக்குழம்பும் கருவாடும் சொன்னேன். அவள் வீட்டில் ஆட்டுக்கறியும் நண்டும் மணக்க மணக்கச் சமைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், செட்டிநாட்டுக் குடும்பம். முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். சாப்பாடு கட்டிக் கொடுக்கும் தாளை விரித்து, குழம்புக் கறைக்குப் பக்கத்தில் பெட்டி போட ஆரம்பித்துவிட்டாள். கடைக்காரர் வந்து, "என்னா மிஸ், வீட்டுக்கு பிளானா?" என்றார்.

"இல்லண்ணே, உங்க கடைதான். ரசம் வர்றதுக்கு ஏன் லேட்டாவுதுன்னு பாக்கிறேன்."

தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்தாள். விலாசம் எழுதித் தரச் சொன்னேன். படம் வந்தது. ஒரு கோயில், ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு முச்சந்தி, முச்சந்தியில் ஒரு நாய். நாயிடம் வலது பக்கம் திரும்ப வேண்டும். நானும் மனைவியும் புதுத்துணியில் அந்த வட்டாரத்தையே சுற்றினோம். நாய் இல்லை. மனைவி, கேட்கிறேனே என்று கோபிக்காதீர்கள், உங்களோடு வேலை செய்கிறவளுக்குப் புத்தி சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். கடைசியில் அந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது கதவைத் திறந்தது அவள் தங்கை.

"அக்கா படம் போட்டுக் குடுத்தாளா? ஐயோ, பாவம்லா நீங்க."

அவள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நாய் எப்பவும் அங்கதாண்ணே படுத்திருக்கும்" என்றாள்.

இப்படி இருக்கையில்தான் புது லைன் வந்தது.

பழையதைவிட வேகமாகச் சூடாக்கி, ஆறவைத்து, அடைக்கும் மெஷின். கோலாலம்பூரில் ஒரு கம்பெனியிடம் வாங்கினார்கள். அதன் புரோகிராம் முழுக்க எழுத்து. படமாக மாற்ற வழியே இல்லை என்று பூட்டி அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார். இதை நாமே ஓட்ட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பராமரிப்பையும் விற்றவர்களிடமே கொடுத்துவிடுவேன். அப்புறம் இங்கே இன்ஜினியர் தேவையில்லை. சொல்லும்போது அவளைப் பார்த்தார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், மறுபடி எழுத்து வந்ததே என்று. அவள் கையில் பேனா இருந்தது, தாளும் இருந்தது. எதையும் வரையவில்லை. அதுதான் எனக்கு வினோதமாகப் பட்டது.

விற்ற கம்பெனியின் ஆள் வந்தான். சில நாள் ஓட்டிக் காட்டினான். எல்லாம் ஓடியது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நாங்களாக ஓட்டிய முதல் நாள். காலையில் தேங்காய் லோரி வந்தது. பிழிந்தாயிற்று. தொட்டி நிறைந்தது. கணேசு பொத்தானை அழுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். பம்ப்பு அசையவில்லை. கோளாறு என்று எந்த விளக்கும் எரியவில்லை. மெஷின் எதற்கோ காத்துக்கொண்டு நின்றது.

தேங்காய்ப்பால் காத்திருக்காது. ஈப்போ வெயிலில் பச்சைப்பால் சீக்கிரம் புளித்துவிடும். மேனேஜர் போனில் சொன்னது சுருக்கம். மத்தியானம் நான் வரும்போது ஓட வேண்டும். ஓடாவிட்டால் கோலாலம்பூருக்குக் கூப்பிட்டுவிடுவேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். திரை முழுக்க எழுத்து. மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள். மறுபடி மேலே. படிக்கிற கண் இப்படிப் போகாது. பஸ் ஜன்னலில் வெளியே பார்க்கிற மாதிரி போனது.

"மிஸ், நான் பாக்கவா?"

நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தேன். எனக்கு மெதுவாகத்தான் வரும். ஆனால் விடமாட்டேன். முடிவு வரை படித்தேன்.

"தப்பு ஒண்ணும் இல்ல மிஸ். எல்லா வரியும் சரியாத்தான் இருக்கு."

"சத்தமா படிங்கண்ணே."

"எதுக்கு? நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க."

அவள் கணேசு இருக்கிற பக்கம் பார்த்தாள். அவன் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

"பாக்கிறேன். நிக்க மாட்டேங்குது."

"எது?"

"எழுத்து. சின்னதுல இருந்தே அப்படித்தான். ஒரு வரி பிடிச்சா அடுத்த வரி நழுவிடும். இடம் மாறி மாறித் தெரியும்."

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"அப்ப டிகிரி?"

"தங்கச்சி படிச்சுச் சொல்லுவா. நான் கேட்டு வரைஞ்சுக்குவேன். வரைஞ்சிட்டா மறக்காது."

"இவ்வளவு நாளா எங்களுக்காகன்னு சொன்னீங்க."

"பின்ன எனக்காகன்னா சொல்ல முடியும்?"

எனக்கு வந்தது எரிச்சல்தான். வருஷக்கணக்காகப் படிக்கத் தெரியாதவன் என்று என்னை நடத்தினாள். தேங்காய்க்குப் பல் வரைந்தாள். நாயைத் தேடவைத்தாள். ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருந்தால் தினமும் நானே வாசித்துவிட்டுப் போயிருப்பேன். இதையெல்லாம் சொல்ல அது நேரமில்லை. தொட்டியில் பால் இருந்தது.

கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். படித்தேன்.

தாள் தேடவில்லை அவள். பையிலிருந்து தடித்த பேனாவை எடுத்து, தொட்டியின் வெளிப்பக்கத்து எவர்சில்வர் மேலேயே வரைய ஆரம்பித்தாள். நான் ஒரு வரி படிப்பேன். அவள் ஒரு பெட்டி போடுவாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்துவாள்.

"இருங்கண்ணே. எந்த வால்வு?"

"அடைக்கிற பக்கத்து வால்வு."

"அது எப்பத் திறக்கும்?"

"பம்ப்பு ஓடினா."

"சரி. போலாம்."

கணேசு வந்து பார்த்தான். "மிஸ், தொட்டி மேலயா! மேனேஜர் பாத்தா நம்மளத்தான் பிழிஞ்சு அடைப்பாரு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. என் தொண்டை வறண்டது. அவன் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். படித்தேன். பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே படித்தேன். தொட்டியைச் சுற்றிப் பெட்டிகள் ஏறிக்கொண்டே போயின. முடிவுக்குப் பக்கத்தில் ஒரு வரி வந்தது. அடைக்கிற பக்கத்து வால்வு திறந்திருந்தால் பம்ப்பை ஓட்டு.

"திரும்பப் படிங்க."

திரும்பப் படித்தேன்.

அவள் அந்தப் பெட்டியிலிருந்து கோடு இழுத்தாள். கோடு தொட்டியின் வளைவில் போய், முதலில் போட்ட பெட்டியில் முட்டியது. அங்கிருந்து பழைய கோடு இங்கே வந்தது. வட்டம்.

வால்வு பம்ப்புக்குக் காத்திருந்தது. பம்ப்பு வால்வுக்குக் காத்திருந்தது. நான் இரண்டு வரியையும் முன்னமே படித்தவன்தான். ஒன்று மேலே இருந்தது, ஒன்று வெகு கீழே. தனித்தனியே இரண்டும் சரி. எனக்குத் தெரியவில்லை. தொட்டியில் பார்த்ததும் தெரிந்தது.

"நீ முதல்ல ஏறு, இல்ல நீ முதல்ல ஏறுன்னு நிக்குதுங்கண்ணே" என்றான் கணேசு. "பஸ் போயிடும்லா."

"அந்த ஆளு வந்தப்ப எப்படி ஓடுச்சு?" என்றேன்.

"கையால பம்ப்பு சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினான்" என்றாள். "ஒவ்வொரு தடவையும். நான் பாத்துக்கிட்டிருந்தேன். பழக்கம்னு நெனச்சேன்."

கணேசு பம்ப்பு சுவிட்சைக் கையால் தட்டிவிட்டான். வால்வு திறந்தது. பொத்தானை அழுத்தினான். பால் போகிற சத்தம் குழாயில் கேட்டது.

மேனேஜர் வந்தபோது பால் அடைத்த பெட்டிகள் வரிசையில் வந்துகொண்டிருந்தன. அவர் முதலில் பார்த்தது தொட்டியைத்தான். சாப்பாட்டுச் சாமான் செய்கிற இடத்தில் இது என்ன கிறுக்கல் என்று சத்தம் போட்டார். அவள், நான்தான் என்றாள். சத்தம் ஓய்ந்த பிறகு, புரோகிராமைப் படித்துக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். இவங்கதான். நான் மடிக்கணினியைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி என்றேன்.

மேனேஜர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொட்டியைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் போனார். கோலாலம்பூருக்குக் கூப்பிடவில்லை. அவள் வேலை தப்பியது.

துடைத்தது நானும் கணேசுவும். அந்த மை லேசில் போகவில்லை. அவள் பக்கத்தில் நின்று, அந்த மூலையை மட்டும் கடைசியில் துடையுங்கள், இன்னும் நகல் எடுக்கவில்லை என்றாள்.

அதன் பிறகு காலையில் வேலை தொடங்குமுன் நான் வாசிப்பேன், அவள் வரைவாள். திருந்தினாள் என்று நினைக்க வேண்டாம். புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "அண்ணனுக்காகத்தான் படமா போட்டு வச்சிருக்கேன்" என்று கூசாமல் சொல்வாள். நான் தலையை ஆட்டுவேன். வேகமாகப் படித்தால் மெதுவா என்பாள். மெதுவாகப் படித்தால் தூங்கிட்டீங்களா என்பாள். தேங்காய்க்குப் பக்கத்தில் மீசை வைத்துக் கண்ணாடி போட்ட இன்னொரு தேங்காய் வந்தது. கணேசு அதற்கு என் பெயரை வைத்தான்.

பிறகு தஞ்சோங் மாலிமில் கார் செய்கிற இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போய் வருஷங்கள் ஆகின்றன. இப்போதும் சில சாயங்காலம் போன் வரும். முதலில் ஒரு படம் வரும், திரை முழுக்க எழுத்து. பின்னாலேயே குரல்.

"அண்ணே, சாப்பிட்டாச்சா? ஒரு பக்கம்தான். படிச்சுச் சொல்லுங்க."

"அங்க ஆளே இல்லையா?"

"இருக்காங்க. எனக்கு இப்படின்னு அவங்களுக்குத் தெரியாது."

சோறு ஆறும். மனைவி முறைப்பாள். நான் கண்ணாடியைத் தேடுவேன்.

இதை எழுதுமுன் அவளிடம் கேட்டேன். உங்களைப் பற்றி எழுதலாமா, பெயர் போடமாட்டேன் என்றேன். அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. அப்போதும் எதையோ வரைந்துகொண்டிருந்தாள்.

"எழுதுங்கண்ணே. நான் என்ன படிக்கவா போறேன்?" என்றாள். "முடிச்சிட்டுப் போன் பண்ணுங்க. சத்தமா வாசிங்க. மெதுவா."